சம்பா கோவிலுக்கு வந்த இரண்டு ஆணைகள்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் அமல உற்பவ மாதா பேராலயத்தை எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சம்பா கோவில் என்றுதான் சொல்கிறார்கள். வெளியூர் நண்பர்கள் பலர் என்னிடம் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டதுண்டு. புனித பவுல் பெயரால் சேசு சபையார் கட்டிய கோவில் அது. போர்த்துக்கீசியர் 'சாம் பாவுலு' என்றார்கள், தமிழ் வாய் அதைச் சம்பா ஆக்கிக்கொண்டது. கப்புச்சின் சபையாரின் கோவில் கப்ஸ் கோவில் ஆனதும் இதே வழியில்தான்.

இந்தச் சம்பா கோவிலில் இருந்த சேசு சபைக் குருக்களுக்கு எழுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய ஆணைகள் வந்தன. 1704இல் வந்த முதல் ஆணை, மற்ற சிலவற்றோடு, நோயில் கிடக்கும் பறையர் குலக் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கச் சொன்னது. 1773இல் வந்த இரண்டாவது ஆணை அவர்களுடைய சபையையே கலைத்தது. முதலாவது முடிவுக்கு வர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவதோ மூன்றே ஆண்டுகளில் நிறைவேறிவிட்டது. கீழ்ப்படிதல், தியாகம் என்ற இரண்டு சொற்களையும் பற்றி எனக்குத் தெரிந்த எந்தப் பிரசங்கத்தையும்விட இந்த இரண்டு ஆணைகளின் கதை அதிகம் சொல்லித் தருகிறது. அதனால் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் ஞானோபதேச வகுப்பில் 'ஒபெயிசான்ஸ்', 'சக்ரிஃபீஸ்' என்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகவே வரும். கீழ்ப்படிகிறவன் தன் விருப்பத்தைப் பலி கொடுக்கிறான், ஆகவே கீழ்ப்படிதலே தியாகம் என்று மனப்பாடம் செய்தோம். பிறகு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதும், அவை என்ன ஆயின என்று குறிப்பு எழுதுவதும்தான் என் பிழைப்பு. ஓர் ஆணையை மீறாமலேயே நிறைவேற்றாமலும் இருப்பது எப்படி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நன்றாகத் தெரியும். விளக்கம் கேட்டு மேலே எழுதலாம். மறுபரிசீலனைக்கு மனுப் போடலாம். 'ஐயா வாயால் சொல்லிவிட்டார்' என்று கோப்பைக் கட்டி வைக்கலாம். சரித்திரம் படிக்கும்போது இந்த மூன்றையும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு வருத்தமும் வந்தது.

முதலில் சேசு சபையார் கீழ்ப்படிதலை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1553ஆம் ஆண்டு மார்ச் மாதம் போர்த்துக்கல் நாட்டுச் சபையாருக்கு இதைப் பற்றியே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கீழ்ப்படிதலில் மூன்று படிகள் உண்டு என்பது அதன் சாரம். சொன்ன வேலையைச் செய்வது முதற்படி. மேலாளரின் விருப்பத்தைத் தன் விருப்பமாக்கிக்கொள்வது இரண்டாம் படி. அவருடைய தீர்ப்பையே தன் தீர்ப்பாக ஏற்று அறிவையும் ஒப்புக்கொடுப்பது மூன்றாம் படி. இதற்கு மேல், சபையில் முழு உறுதிமொழி எடுத்தவர்கள் பாப்பரசர் எங்கே அனுப்பினாலும் போவோம் என்று நான்காவது வார்த்தைப்பாடு ஒன்றும் கொடுத்தார்கள். அதே கடிதத்தில் இஞ்ஞாசியார் ஒரு வாசலையும் திறந்து வைத்தார். ஆணையில் இடையூறு தெரிந்தால், செபித்த பிறகு, எந்த முடிவு வந்தாலும் ஏற்கும் மனதோடு மேலாளரிடம் எடுத்துச் சொல்லலாம். ஆக, எடுத்துச் சொல்வது குற்றமில்லை. எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில் யார் காத்துக் கிடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி முதல் ஆணை.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சந்நியாசி வேடம் பூண்டு, மாமிசத்தை விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று வாழ்ந்த கதை பலருக்குத் தெரியும். ஊரார் பழக்கங்களில் விக்கிரக ஆராதனை கலவாதவற்றைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. பூணூல், சந்தனம், குடுமி ஆகியவற்றுக்குப் பாப்பரசர் 15ஆம் கிரகோரி 1623ஆம் ஆண்டு ஜனவரியில் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். இந்த வழியில் மதுரை மிஷன் வளர்ந்தது. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரியில் ஓரியூரில் தலை வெட்டுண்டது இந்த மிஷனில்தான். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுச் சேசு சபையார் இதே முறையைப் பின்பற்றிக் கர்நாடக மிஷன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கர்நாடகம் என்றால் இன்றைய மாநிலம் அல்ல. அன்று ஐரோப்பியர் கர்நாடகம் என்று சொன்னது புதுச்சேரிக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள தமிழ், தெலுங்குச் சீமையை.

இந்தக் குருக்கள் சுகவாசிகள் அல்லர். சோறும் கீரையும் உண்டு, மண் தரையில் படுத்து, அந்நியர் என்று தெரிந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள். தங்கள் உடம்பைப் பலி கொடுக்க அவர்கள் தயங்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

1703ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, பாப்பரசரின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில், மயார் தெ தூர்னோன் என்ற அந்தியோக்கியா பிதாப்பிதா புதுச்சேரியில் வந்து இறங்கினார். வயது முப்பத்து நான்கு. உடம்பு சரியில்லை. எட்டு மாதம் இங்கேயே தங்கினார். உள்நாட்டு மிஷன்களுக்குப் போய்ப் பார்க்க முடியவில்லை. சேசு சபையைச் சேர்ந்த பூஷே, பெர்த்தோல்தி என்ற இரு குருக்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். 1704 ஜூன் 23ஆம் தேதியிட்ட ஆணையை ஜூலை 8ஆம் தேதி வெளியிட்டுவிட்டு, ஜூலை 11ஆம் தேதி கப்பலேறிப் போய்விட்டார். ஊரைவிட்டுப் போவதற்கு மூன்று நாள் முன்பு கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

அந்த ஆணையில் பல விஷயங்கள் இருந்தன. ஞானஸ்நானத்தில் உமிழ்நீர், உப்பு முதலிய சடங்குகளை விடக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கட்டக்கூடாது. சிறு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது. மாதவிலக்குக் காலத்தில் பெண்களைக் கோவிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வராமல் தடுக்கக்கூடாது. கிறிஸ்தவர்கள் இந்துக் கோவில் திருவிழாக்களில் மேளம் வாசிக்கப் போகக்கூடாது. இவற்றில் சில, இந்த நாட்டு மனிதரின் கூச்சத்தையும் வழக்கத்தையும் அறியாமல் எழுதப்பட்டவை என்று சேசு சபையார் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவர் எச்சிலை இன்னொருவர் மேல் தடவுவதைத் தமிழன் எப்படி எடுத்துக்கொள்வான் என்பது ரோமாபுரியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் ஒரே ஒரு விதி மற்றவை போல் அல்ல. பறையர் குலத்தில் ஒருவர் சாகக் கிடந்தால், சந்நியாசி வேடத்தில் இருந்த குரு அவர் வீட்டுக்குள் போவதில்லை. போனால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் குருவையே தீண்டத்தகாதவராக எண்ணிப் போய்விடுவார்கள் என்ற பயம். ஆகவே நோயாளியை வெளியே ஓரிடத்துக்குத் தூக்கி வரச் சொல்வார்கள். உயிர் போகிற வேளையில் ஒரு மனிதனைக் கட்டிலோடு வெளியே தூக்கி வருவது என்றால் என்ன என்று வாசகர்களே நினைத்துப் பாருங்கள். இதை நிறுத்தி, வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுங்கள் என்றது தூர்னோன் ஆணை.

சேசு சபையார் என்ன செய்தார்கள்? மறுக்கவில்லை. விளக்கம் கேட்டார்கள். பூஷே சுவாமியும், பின்னர் மயிலாப்பூர் ஆயரான லாயினெஸ் சுவாமியும் ரோமாபுரிக்குப் போனார்கள். தேவனுடைய மகிமைக்கும் ஆன்ம இரட்சணியத்துக்கும் பங்கம் வராத அளவுக்கு ஆணையைப் பின்பற்றினால் போதும் என்று பாப்பரசர் 11ஆம் கிளெமெந்து வாய்மொழியாகச் சொன்னதாகத் திரும்பி வந்து அறிவித்தார்கள். எழுத்தில் இல்லாத சலுகை! அந்த 'அளவுக்கு' என்ற சொல்லுக்குள் ஒரு மிஷனையே குடியமர்த்திவிடலாம். புதுச்சேரியில் இருந்த கப்புச்சின் குருக்கள் இதை நம்பவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களின் பங்கு தங்களிடமிருந்து 1699இல் சேசு சபையாருக்குப் போய்விட்ட கசப்பும் அவர்களுக்கு இருந்தது. அவர்களும் ரோமாபுரிக்கு எழுதினார்கள். கடிதத்துக்குப் பதில் கடிதம், புத்தகத்துக்குப் பதில் புத்தகம். 1727இல் 13ஆம் ஆசீர்வாதப்பர் தூர்னோன் ஆணையை உறுதி செய்தார். 1734இல் 12ஆம் கிளெமெந்து சில விதிகளைத் தளர்த்தினார். 1739இல் அவரே, இந்த மிஷன்களில் பணிபுரியும் ஒவ்வொரு குருவும் ஆணையைக் கைக்கொள்வதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டார். கடைசியில் 14ஆம் ஆசீர்வாதப்பர் 1744 செப்டம்பர் 12ஆம் தேதி வெளியிட்ட 'ஓம்னியும் சொல்லிசித்துதினும்' என்ற சாசனம் விவகாரத்தை முடித்து வைத்தது.

அந்த முடிவு எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பறையர் வீடுகளுக்குப் போவதற்கென்றே தனியாகச் சில குருக்களை நியமிக்கிறோம், மற்றவர்கள் பழையபடி இருக்கட்டும் என்று சேசு சபையார் ஒரு யோசனை சொன்னார்கள். பாப்பரசர் அதை ஏற்றுக்கொண்டார். அந்தத் தனிக் குருக்கள் செய்த தியாகம் சாதாரணமானதல்ல. தங்கள் சொந்தச் சபைச் சகோதரர்களோடு வெளிப்படையாகச் சேர்ந்து உண்ணவும் தங்கவும் முடியாத வாழ்வை அவர்கள் விரும்பி ஏற்றார்கள். ஆனால் ஆணையின் உயிர் எங்கே போயிற்று? நோயாளியின் வீட்டுக்குள் குரு போனார். தீட்டு என்ற எண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது. குருக்களும் இரண்டு சாதி ஆனார்கள்.

பழைய ஏற்பாட்டில் சவுல் அரசன் கதை நினைவுக்கு வருகிறது. சொன்னதை முழுதாகச் செய்யாமல் கொழுத்த ஆடுமாடுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஆண்டவருக்குப் பலி கொடுக்கத்தான் வைத்தேன் என்றான் அவன். பலியைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்று சாமுவேல் தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொண்டார். சவுல் சொன்ன காரணம் பக்தியான காரணம். சேசு சபையார் சொன்னதும் பக்தியான காரணம். மற்றச் சாதியார் போய்விட்டால் மிஷன் அழியும், இத்தனை ஆன்மாக்கள் கெடும் என்றார்கள். அது பொய்ப் பயமும் அல்ல.

சாசனம் வெளியான அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், சம்பா கோவிலில் நடந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள் வடபுறத்தில் பறையர் குலக் கிறிஸ்தவர்களைப் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. அந்த மக்கள் குருவிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் முன் எல்லோரும் ஒன்றென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்ற கருத்தில் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொண்டு குரு சுவரை எடுக்கச் செய்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கூடிப் பேசி எதிர்ப்புக் காட்டினார்கள். பிள்ளையவர்கள் கிறிஸ்தவர் அல்லர், இந்த விஷயத்தில் யாருக்கும் பரிந்து எழுதுகிறவரும் அல்லர். ஊரில் நடந்ததை ஊர்க்காரராக எழுதினார். நாற்பது ஆண்டு இலத்தீன் கடிதங்கள் போய் வந்தும் நிற்கும் சுவரை, நேரில் போய்க் கேட்ட ஒரு கேள்வி அசைத்தது. கீழ்ப்படிதலையே கடமையாகக் கற்பிக்கப்பட்ட அந்த மக்கள் அன்று வாய் திறந்து கேட்டதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இரண்டாவது ஆணைக்குப் போகும் முன், இரண்டு காலத்தையும் இணைக்கும் ஒரு மனிதரை அறிமுகம் செய்ய வேண்டும். கஸ்தோன் லொரான் கெர்தூ. பிரான்சில் பூர்ஜ் நகரத்தில் 1691இல் பிறந்து, 1715இல் சேசு சபையில் சேர்ந்து, 1732இல் இந்தியா வந்தவர். 1744இல் சாசனம் வந்தபோது கர்நாடக மிஷனின் தலைவர் இவர்தான். 'கெர்' என்றால் இதயம், 'தூ' என்றால் இனிய, மென்மையான. சீட்டித் துணிக்குச் சாயம் தோய்த்து வண்ணம் எழுதும் முறையை நெசவுக் கிராமத்துக் கைவினைஞரிடம் கேட்டு இவர் 1742இல் எழுதிய கடிதம் ஐரோப்பாவில் புகழ் பெற்றது. சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் பொதுவான சொற்கள் ஏன் இத்தனை இருக்கின்றன என்ற கேள்வியை 1767இல் பாரிஸ் அறிஞர் சபைக்கு எழுதி அனுப்பினார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதைப் பற்றிப் பேசிப் பெயர் பெற்றது 1786இல்தான்.

அதே கெர்தூதான், 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டபோது முன்னின்று காலால் உதைத்தவர் என்று பிள்ளையவர்களின் நாட்குறிப்பு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இதை மறைத்து இவரைப் பற்றி எழுதினால் அது சரித்திரம் ஆகாது. துய்ப்ளேக்சின் ஆட்சி பலம் பின்னால் இருந்தது. பிறர் புனிதமாக வைத்திருந்ததை இழக்கச் செய்வது அன்று அவருக்குக் கடினமாக இருக்கவில்லை.

பிறகு அவர் முறை வந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஊரை இடித்தார்கள். சம்பா கோவிலும் அதில் போயிற்று. இன்று நாம் பார்ப்பது பின்னால் கட்டி 1791இல் முடித்த கோவில். அதற்குள் ஐரோப்பாவில் வேறு இடி விழத் தொடங்கியிருந்தது. 1759இல் போர்த்துக்கல் சேசு சபையாரை வெளியேற்றியது. 1764இல் பிரான்சு அரசர் தம் நாட்டில் சபையைக் கலைத்தார். 1767இல் ஸ்பெயின் அவர்களைக் கப்பலேற்றியது. புதுச்சேரிக்குப் புதிய சேசு சபைக் குருக்கள் வருவது நின்றது. அரசர்களின் நெருக்குதலுக்கு இணங்கிப் பாப்பரசர் 14ஆம் கிளெமெந்து 1773 ஜூலை 21ஆம் தேதியிட்ட 'தோமினுஸ் அக் ரெதெம்ப்தோர்' என்ற ஆணையால் உலகமெங்கும் சபையைக் கலைத்தார். அன்று சபையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பாப்பரசர் சொன்னால் எங்கும் போவோம் என்று நான்காவது வார்த்தைப்பாடு கொடுத்தவர்களிடம், இல்லாமல் போங்கள் என்றார் பாப்பரசர்.

சபையின் தலைவர் லொரென்சோ ரிச்சி சான் ஆஞ்சலோ கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 1775 நவம்பரில் அங்கேயே இறந்தார். சாகும் முன் நற்கருணை வாங்கும்போது, கலைக்கப்படுவதற்குச் சபை காரணம் எதுவும் தரவில்லை, சிறைவைக்கப்படுவதற்கு நானும் காரணம் தரவில்லை என்ற கருத்தில் ஓர் அறிக்கை செய்தார். இஞ்ஞாசியார் சொன்ன மூன்றாம் படி, அதாவது மேலாளரின் தீர்ப்பையே தன் தீர்ப்பாக ஏற்பது, அவருக்குக் கைகூடவில்லை. முதல் படியில் நின்றே அவர் எல்லாவற்றையும் கொடுத்தார். எனக்கு அவர் குறைந்தவராகத் தெரியவில்லை.

குமாஸ்தாக்களுக்காக ஒரு செய்தி. ஒவ்வொரு ஊரிலும் ஆயர் முறைப்படி அறிவித்தால்தான் இந்த ஆணை செல்லும் என்று ஏற்பாடு. ரஷ்யாவின் மகாராணி கதரீனா தம் ராஜ்யத்தில் அதை அறிவிக்கவே விடவில்லை. பள்ளிக்கூடங்களை நடத்த அவருக்குச் சேசு சபையார் தேவைப்பட்டார்கள். ஆகவே அங்கே மட்டும் சபை தப்பியது. உலகத்தின் மிகப் பெரிய கலைப்பு ஆணை, 'முறைப்படி சார்பு செய்யப்படவில்லை' என்ற ஒரே காரணத்தால் ஒரு நாட்டில் நிறைவேறாமல் போயிற்று!

புதுச்சேரியில் அப்படி எந்த மறைவிடமும் இல்லை. 1776இல் மிஷன் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பேற்ற பிரிகோ ஆண்டகை முன்பு சீயத்தில் ஆயராக இருந்தவர். 1767இல் அயுத்தியா நகரம் வீழ்ந்தபோது பர்மியரிடம் கைதியானவர். பழைய சேசு சபைக் குருக்கள் சபைப் பெயரையும் தங்களுக்கென்று இருந்த ஆட்சியையும் இழந்து, வேறொரு சபை ஆயருக்குக் கீழே சாதாரணக் குருக்களாகத் தொடர்ந்து வேலை செய்தார்கள். கெர்தூவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. ஐம்பத்தெட்டு ஆண்டு சேசு சபையாராக இருந்துவிட்டு, அதன் பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளும் உரிமை இல்லாதவராக இருந்தார். 1779 ஜூனில் புதுச்சேரியிலேயே இறந்தார். அப்போது ஊர் மறுபடியும் ஆங்கிலேயர் கையில்.

அவர் பெயர்கூட மிஞ்சவில்லை. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி துய்புவா சுவாமி எழுதியதாக உலகம் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் படித்து வந்த புகழ் பெற்ற புத்தகத்தின் பெரும்பகுதி கெர்தூவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தது என்று சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987இல்தான் நிரூபித்தார்.

இப்போது இரண்டு ஆணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் கீழ்ப்படிய வேண்டியவர்கள் அதே சபைக்காரர்கள். முதல் ஆணையில் அவர்களுடைய உயிரோ உடம்போ கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பிரிட்டோ கொடுத்தார். கேட்கப்பட்டது அவர்களுடைய வேலை. நொபிலி காலத்திலிருந்து நூறு ஆண்டாகக் கட்டிய மிஷன் சரிந்தாலும் சரி, இந்த நோயாளியின் வீட்டுக்குள் போ என்றது அது. ஆண்டவர் பெயரால் கட்டிய வேலையைப் பணயம் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்குரிய விலையை நாற்பது ஆண்டுகளாகக் கட்டிலில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். எழுபது ஆண்டு கழித்து அந்த வேலையே கையைவிட்டுப் போனபோது, அதைக் கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமே. அங்கே இழுத்தடிக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டு ஊரைவிட்டும் போகவில்லை. மறுநாளும் பூசை வைத்தார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள்.

ஆகவே நான் பள்ளியில் மனப்பாடம் செய்த பாடத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க விரும்புகிறேன். கீழ்ப்படிகிறவன் எதைக் கொடுக்கிறான் என்று மட்டும் கேட்டால் போதாது. அவன் கீழ்ப்படியாமல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் யார் கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும். அதேபோல, ஆணையிடுகிறவரைப் பார்த்தும் கேட்க வேண்டும். பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதும்போது ஆண்டவரின் கீழ்ப்படிதலைச் சிலுவை மரணம் வரை கொண்டுபோகிறார். அங்கே இழந்தவர் அவர்தாம். வேறொருவர் இழப்பில் அவர் கீழ்ப்படியவில்லை.

மிச்சக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1814இல் 7ஆம் பத்திநாதர் சேசு சபையை மீண்டும் நிறுவினார். 1837இல் மதுரை மிஷனுக்கென்று நான்கு பிரெஞ்சுச் சேசு சபையார் புறப்பட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த இளங்குருக்களில் பலரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. பழைய கேள்வியும் அவர்களோடு திரும்பி வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்திருந்த தடுப்பை 1910இல் கௌசானல் சுவாமி இடித்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் தோற்றார்கள். கூட்டம் குறையும் என்று கௌசானல் சுவாமிக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே இடித்தார். சம்பா கோவில் குருக்கள் 1704இல் செய்திருக்கக்கூடியது அதுதான்.

1739இல் தொடங்கிய அந்தச் சத்தியப்பிரமாணத்தை, இருநூறு ஆண்டு கழித்து, 12ஆம் பத்திநாதர் காலத்தில் 1940 ஏப்ரலில் ரோமாபுரி நீக்கிவிட்டது. பொட்டும் பூவும் சந்தனமும் விக்கிரக ஆராதனை அல்ல என்று அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த மட்டில் நொபிலி வழி வந்தவர்கள் சொன்னது சரி என்று ஆயிற்று. தீட்டு பார்த்த விஷயத்தில் அவர்கள் சரி என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நம் காலம் வரை நின்றதும், அதை எடுக்கச் சொல்லித் தலித் கிறிஸ்தவர்கள் போராடியதும் பத்திரிகையில் வந்த செய்திகளே.

கெர்தூவின் பெயரை ஒரு பாரிஸ் ஆய்வாளர் இருநூறு ஆண்டுக்குப் பிறகு தேடி எடுத்துக் கொடுத்தார். தூர்னோன் சீனாவில் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, மக்காவில் காவலில் கிடந்து, 1710இல் நாற்பத்தோராவது வயதில் இறந்தார். அவர் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. ஆணை வந்த பிறகும் வீட்டுக்குள் சாமியார் வராததால் வெளியே தூக்கிச் செல்லப்பட்டுப் பூசுதல் பெற்றவர்களின் பெயர் ஒன்றைக்கூட நான் படித்த எந்தக் கடிதத்திலும் பார்க்கவில்லை. இனிமேல் சம்பா கோவிலுக்குப் போகும்போது, மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் அவர்களுக்காகவும் ஒன்று ஏற்றுங்கள்.